காதில் பஞ்சு

டக்ளஸ் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் கந்தப்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். பெண் வீடு இருந்த லயத்தின் வரிசை வீடுகள் கண்ணில் பட்டதும் அக்கா பெற்றீசியா அவனை நிறுத்தினாள்.

"பஞ்ச எடுடா. மாப்பிள செவிடுன்னு நெனச்சிருவாங்க."

"நெனக்கட்டும்க்கா. பூண்டுலோயாவுல பொண்ணு பாக்கப் போனப்ப பைத்தியம்னாங்க. அதுக்கு இது மேல்."

அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். இடி இடித்தால் கொட்டாவி விடுவான். ஆனால் எண்பத்து மூன்றாம் வருஷக் கலவரத்தில் அவன் ஒளிந்திருந்த வீட்டுத் தகரக் கூரையில் ஒரு பகல் முழுக்கக் கல் விழுந்தது. அதற்குப் பிறகு, தகரத்தில் காக்கா உட்கார்ந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

"காதுல கோளாறு இல்ல. மூளைதான் கூரையில கேக்குற எல்லாச் சத்தத்தையும் கல்லுன்னு எடுத்துக்குது" என்றார் தோட்டத்து டாக்டர். மருந்து தரவில்லை.

இரண்டு சம்பந்தம் அப்படிக் கட்டிலுக்கு அடியிலேயே முடிந்திருந்தது. இதுவும் போனால் இனி அலையமாட்டேன் என்று சொல்லியிருந்த அக்கா, பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.

பெண்ணின் அப்பா சூசைரட்ணம் வாசலில் நின்று வரவேற்றார். நீண்ட லயத்தில் அவர் குடியிருந்த காம்பராவுக்கு மேலே மட்டும், தகரத்தின் மீது சாக்குகளை விரித்திருந்தார்கள்.

"கூரை ஒழுகுதுங்களா?" என்றாள் அக்கா.

"ம்... ஒழுகுது, ஒழுகுது" என்றார் அவசரமாக.

டக்ளஸுக்கு உயிர் வந்தது. சாக்கு இருந்தால் சத்தம் வராது.

பெண் பவுலின் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். டக்ளஸ் நிமிர்ந்து பார்த்தான். பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து அடுத்த காம்பராவின் தகரத்தில் ஒரு பேரிக்காய் விழுந்தது.

டமார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தான். வெளியே கிளாஸ்கள் உருண்டன. மாப்பிள்ளை பாய்ந்த பாய்ச்சலில் பெண் தட்டைப் போட்டுவிட்டாள் போல. உடம்புக்குக் கீழே பாயும் தலைக்குத் தலையணையும் எப்படி வந்தன என்று யோசிக்க நேரமில்லை.

"மோதிரம் விழுந்திருச்சுங்க, தேடுறான்" என்றாள் அக்கா. அவனுக்கு மோதிரமே கிடையாது.

இதுவும் போச்சு என்று டக்ளஸ் நினைத்தான்.

அப்போது அவன் விலாவில் வளையல் சத்தத்தோடு ஒரு முழங்கை இடித்தது.

"அங்கிட்டு தள்ளிப் படுங்க. இது என் எடம்."