மதிய ஹாரன்

"பாவி, உனக்குப் போறதுக்கு வேற தெருவே இல்லையா?"

அரைத் தூக்கத்தில் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்த நர்ஸ், கையை வெளியே நீட்டி வேகவேகமாக ஆட்டினாள். மூன்றாவது மாடியிலிருந்து திட்டினால் காக்காய்க்குத்தான் கேட்கும். கீழே ஒரு வண்டி இன்னொரு தடவை நீளமாக ஹாரன் அடித்துவிட்டு முனை திரும்பிப் போனது.

ஒரு மாதமாக இதே கூத்து. ராத்திரி முழுக்க வார்டில் நடந்துவிட்டு வந்து, சமைத்து, துவைத்து, மதியம் அவள் கண் அசரும் நேரம் பார்த்து அந்த ஹாரன் அடிக்கும். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் வண்டி போய்விடும். இதுவரை அவள் கண்டது ஒரு வெள்ளை மங்கலைத்தான்.

மற்ற சத்தமெல்லாம் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை. போன வாரம் ஒருவருடைய மாத்திரையைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் நீட்டிவிட்டாள். "இது எனக்கில்லையேம்மா" என்று அவர் சொன்னதால் பிழைத்தாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இருக்காது என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார்.

கணவனிடம் சொல்லி அழலாம் என்றால் அவனைப் பார்ப்பதே அபூர்வம். ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன் இருட்டோடு கிளம்பிவிடுவான். அவள் டியூட்டிக்குப் புறப்படும்போதுதான் திரும்புவான். வாசலில் சாவி கை மாறும் அந்த ஒரு நிமிஷம்தான் குடித்தனம். "வண்டி போற லைனை மாத்திட்டாங்க, இப்பதான் மனசுக்கு நல்லாருக்கு" என்று ஒருநாள் என்னவோ சொன்னான். செருப்பைத் தேடிக்கொண்டே "ம்" என்று சொல்லி வைத்தாள்.

ஜன்னலில் நின்று திட்டிய அன்று சாயங்காலமே ஜன்னல் வேலைக்காரரை வரவழைத்து அளவெடுக்க வைத்தாள். மறுநாள் காலை அவள் டியூட்டி முடிந்து வந்ததும் அவர் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். ஜன்னல் சட்டத்தைச் சுற்றிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"காத்து எங்க நுழையுதோ அங்கதாம்மா சத்தமும் நுழையும். இந்த இடுக்குல எலியே குடும்பத்தோட வரும் போலிருக்கு."

இடுக்குகளை ரப்பர் பட்டை வைத்து அடைத்தார். கொஞ்சம் இடைவெளி விட்டு உள்பக்கம் இன்னொரு கண்ணாடியைப் பொருத்தத் தொடங்கினார்.

"அப்படி என்னதாம்மா சத்தம்?"

"ஒரு ஹாரன், அண்ணே. அவசரத்துக்கு அடிக்கிற மாதிரியும் இல்ல. ஆற அமர ரசிச்சு அடிக்கிறான்."

"எதிர்வீட்டுல பொண்ணு இருக்கா?"

"இருக்கு. காலேஜ் படிக்குது."

"அப்பச் சரி. எவனோ மன்மதன்." அவர் திருகாணியை முடுக்கிக்கொண்டே பெருமூச்சு விட்டார். "எங்க வீட்டுக்கும் இதைப் போடலாம்னு ஆசைதான். என்ன பண்றது, சத்தம் உள்ளல்ல இருக்கு. மச்சான் புல்லாங்குழல் கத்துக்கிறான்."

ரொம்ப நாள் கழித்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அந்த மன்மதன் மட்டும் எங்க வார்டுக்கு வரட்டும் அண்ணே. மருந்து இல்லாமலே நாலு ஊசி போடுறேன்."

வேலை முடிந்து கனமான திரையையும் மாட்டிவிட்டு அவர் கிளம்பினார். அறை கிணறு போல அடங்கிக் கிடந்தது. அந்த அமைதியைக் கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தலையணையில் தலை பட்டதுதான் தெரியும். மதியம் வந்ததும் போனதும் தெரியாது.

எழுந்தபோது சாயங்காலம். உடம்பிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்தது போல் இருந்தது. இனிமேல் மாத்திரை மாறாது, வேலைக்கும் பயமில்லை. இன்றைக்காவது கணவனிடம் நின்று நாலு வார்த்தை பேச வேண்டும் என்று சீக்கிரமே தயாராகி வாசலில் காத்திருந்தாள்.

அவன் படியேறி வந்தான். சட்டையெல்லாம் மாவும் தூசியுமாக இருந்தது. எப்போதும் வந்ததும் சிரிக்கிறவன் இன்று தலை நிமிரவில்லை. சாவியைக்கூட வாங்காமல் கதவில் சாய்ந்து நின்றான்.

"உங்ககிட்ட ஒரு நல்ல விஷயம் சொல்லணும்" என்று அவள் ஆரம்பித்தாள்.

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கட்டுமா? மனசுல வச்சுக்கிட்டு நாள் பூரா வண்டி ஓட்ட முடியல."

"கேளுங்க."

"தினமும் நான் ஹாரன் அடிச்சதும் ஜன்னல்ல வந்து கை ஆட்டுவியே, இன்னைக்கு ஏம்மா வரல?"