பன்னிரண்டு கற்கள்

காலை பதினொரு மணி ஏழு நிமிடம். ஒன்றோடொன்று செருகும் பிளாஸ்டிக் கற்களில் பொம்மை வீடுகள் வடிவமைப்பது அவன் வேலை. இந்த முறை தங்கள் ஐந்தாம் மாடி வீட்டையே கணினித் திரையில் கட்டியிருந்தான். அதைப் பார்த்து மகள் நிஜக் கற்களால் கட்டிய வீடு மேசைமேல் இருந்தது. நானூறு கல்லுக்கு மேல் போகக்கூடாது என்று நிறுவனம் சொல்லியிருந்தது. திரை நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

“எதையாவது எடுத்தாகணும்” என்றான்.

“சமையலறையத் தூக்கிடுங்க. எனக்கும் விடுதலை” என்றபடி மனைவி ஈரத்துணி வாளியோடு பால்கனிக்குப் போனாள். கிளிப் டப்பாவை ஆட்டிக்கொண்டு மகளும் பின்னால் ஓடினாள். துணி உதறும் சத்தம் கேட்டது.

பால்கனிக் கம்பித் தடுப்பு சரியாகப் பன்னிரண்டு கல். அதை அழித்தான். நானூறு.

மேசைமேல் இருந்த வீட்டிலும் தடுப்பைக் காணவில்லை. குனிந்து தேடினான். தரையில் ஒரு கல்கூட விழுந்திருக்கவில்லை.

அழித்ததை மீட்கும் பொத்தானை அவசரமாக அழுத்தினான். நானூற்றுப் பன்னிரண்டு. மேசைமேல் வீட்டில் தடுப்பின் வெள்ளைக் கற்கள் பழையபடி வரிசையாக நின்றன. துணி உதறும் சத்தம் நின்றுபோயிருந்தது.

“அப்பா, கம்பி திரும்ப வந்துடுச்சு” என்றாள் மகள், பால்கனியிலிருந்து. “அம்மா ஏன் வரல?”