பச்சை பூத்த வால்வு

அக்கா வீட்டு வரவேற்பறையில் நீல விளக்கு எரிகிறது. கடல்நீர் மீன்தொட்டிக்குள் பவளங்கள் விரிந்து ஆட வேண்டிய நேரத்தில், பிழிந்து போட்ட துணிபோல் சுருங்கிக் கிடக்கின்றன. குழாய் வேலை செய்யும் அவள் தம்பி, தொட்டியின் கீழ் அலமாரியைத் திறந்து டார்ச்சை வாயில் கவ்வியபடி எட்டிப் பார்க்கிறான். கழிவுநீர்க் குழாயை அறுத்து ஒட்டி, பசை காயும்வரை நெஞ்சோடு பிடித்திருந்து அவன் செய்த, தொட்டி அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி இன்னும் கொப்பளிக்கிறது. அதில் அவன் மாட்டிய பிளாஸ்டிக் வால்வைக் காணோம். அங்கே இப்போது ஒரு பித்தளை வால்வு, மரையெல்லாம் பச்சை பூத்து. உப்புத் தண்ணீரில் பித்தளை கரைந்தால் பவளத்துக்கு விஷம் என்று முதல் நாளே அத்தானிடம் படித்துப் படித்துச் சொன்னவன் அவன். முதுகுக்குப் பின்னால் அத்தான் விருந்தாளிகளிடம் அளந்துகொண்டிருக்கிறார். "எல்லாம் என் கைவேலை. இவன் சும்மா பைப் தூக்க வந்தான். பிளாஸ்டிக் வால்வு மாட்டி வச்சிருந்தான், நான்தான் நல்ல பித்தளையா போட்டேன்." அக்கா பக்கத்தில் குனிகிறாள். "என்னடா ஆச்சு இதுக்கெல்லாம்? உனக்குத் தெரியாததா?" டார்ச்சை எடுத்து அணைக்கிறான். வாயில் இரும்பு ருசி. "அத்தானைக் கேளுக்கா. அவர் கைவேலைதானே." அலமாரியைப் பதமாகச் சாத்திவிட்டு எழுகிறான். அவன் கையில் தின்று பழகிய சிவப்பு இறால், அவனைக் கண்டதும் கண்ணாடியோரம் தள்ளாடித் தள்ளாடி வருகிறது. அவன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிறான்.