கதவைச் சாத்தினாலும் எரியட்டும்

"அப்பா பொழைக்கிறது சந்தேகம்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்திருக்குங்கறே. இங்க வந்து நின்னுக்கிட்டு, காருக்குள்ள லைட் எரியலைங்கறியே?"

ரெய்னோ ஸ்பேனரை மேஜைமேல் போட்டான். ஒர்க்‌ஷாப்பைப் பூட்டும் நேரம். வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது.

எதிரே நின்றவன் பெயர் டேல். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவனாம். வெளியூர்க்காரன், ரெய்னோ இதற்கு முன் அவனைப் பார்த்ததில்லை.

"இதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க. உடனே கிளம்பிடறேன்."

"டுலூத் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ரெண்டு மணி நேரம். இந்தப் பனியில மூணு கூட ஆகும். ஹெட்லைட் எரியுது, பிரேக் பிடிக்குது. வேற என்னப்பா வேணும்?"

"உள் லைட் வேணும்."

ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் டிரக்குக்காகக் காத்திருந்த வெர்ன், கறி அடைத்த பேஸ்டி ரொட்டியை மென்றபடியே கேட்டான். "ஏன் தம்பி, போற வழியில தலை சீவிக்கணுமா?"

டேல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மாவும் கூட வர்றாங்க. அவங்களுக்கு இருட்டு ஆகாது."

"இருட்டுன்னா பயமா? நல்ல குடும்பம்" என்றான் வெர்ன். "அங்க அப்பன் இழுத்துக்கிட்டுக் கிடக்கறான். இங்க மகன் விளக்கலங்காரம் பண்றான்."

ரெய்னோ முனகிக்கொண்டே காருக்குள் தலையை நுழைத்தான். பழைய பச்சைக் கார். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு கதவின் அடிப்பக்கத்தைத் தின்று தீர்த்திருந்தது.

புது பல்பைப் போட்டான். எரியவில்லை. சிகரெட் லைட்டரை அழுத்தினான், சூடானது. இரண்டுக்கும் ஒரே ஃப்யூஸ், அதில் கோளாறு இல்லை. கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினான். டாஷ்போர்டில் இருந்த லைட் குமிழையும் முழுசாகத் திருப்பிப் பார்த்தான். மேலே இருட்டுதான்.

முதுகில் யாரோ தட்டினார்கள். திடுக்கிட்டு நிமிர்ந்ததில் மண்டை கூரையில் இடித்தது.

"தெரிஞ்சுதா?" என்றான் டேல்.

"கூப்பிட வாயில்லையா உனக்கு? தொட்டுத்தான் பேசுவியா?"

"மன்னிச்சுக்குங்க. பழக்கம்."

ரெய்னோ டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்த்தான். பல்பு வரைக்கும் கரண்ட் வந்தது. திரும்பிப் போகத்தான் வழியில்லை.

"கண்ணாடியோரத் தூணுக்குள்ள ஒயர் எங்கயோ அறுந்திருக்கு. எல்லாத்தையும் பிரிச்சாத்தான் தெரியும். நீ போய் அப்பாவைப் பாரு, வர்றப்போ பண்ணித் தரேன்."

"இப்பவே வேணும்."

"உனக்கு என்னதான் மனசு?" ரெய்னோவின் குரல் ஏறியது. "எங்கப்பா போனப்போ நான் சுரங்கத்துல ஷிஃப்ட்ல இருந்தேன். மேல ஏறி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நீ இப்போ கிளம்பினா முகத்தையாவது பார்க்கலாம்."

டேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஆனாலும் காரை விட்டு நகரவில்லை.

"வேற வழியே இல்லியா?"

"ஒண்ணு இருக்கு. லைட்லேர்ந்து ஒரு ஒயரை நேரா கூரைத் தகட்டுல முடுக்கிடலாம். ஆனா கதவைச் சாத்தினாலும் அணையாது. வழி முழுக்க எரியும்."

"அணைய வேண்டாம்."

"போலீஸ்காரன் நிறுத்துவான்."

"நிறுத்தட்டும்."

"பைத்தியம்" என்றான் வெர்ன்.

ரெய்னோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒயரை வெட்டினான், முனையைச் சுரண்டினான், ஆணியை முடுக்கினான். காரின் கூரையில் மஞ்சள் வெளிச்சம் பரவியது. டேல் மூச்சை இழுத்து விட்டு, காரை வெளியே ஓட்டி வந்து நிறுத்தினான்.

எதிர்க் கடையிலிருந்து ஓர் அம்மாள் காபித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பனியில் காரை நோக்கி நடந்து வந்தாள். ரெய்னோவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவளிடமே போனான்.

"அம்மா, நீங்களாவது புள்ளைக்குச் சொல்லுங்க. உள்ள விளக்கைப் போட்டுக்கிட்டு ஓட்டினா கண்ணாடியில உங்க முகந்தான் தெரியும், ரோடு தெரியாது. பயமா இருந்தாக் கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணிக்கிட்டு வாங்க."

அவள் அவனுடைய உதட்டையே பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். டேல் கதவைத் திறந்துவிட்டான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். தம்ளரை முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கையுறைகளைக் கழற்றினாள். வெளிச்சத்துக்கு நேராகக் கைகளைத் தூக்கினாள். விரல்கள் மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டன, அவசரமாக எதையோ கேட்டன. டேல் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பதில் சொன்னான். அவள் மறுபடி கேட்டாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

வாசலுக்கு வந்திருந்த வெர்ன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

ரெய்னோ உள்ளே ஓடினான். அலமாரியைத் துழாவி இன்னொரு பல்பை எடுத்துக்கொண்டு வந்து, டேலின் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான். கண்ணாடி இறங்கியது.

"வழியில அது போச்சுன்னா இதை மாட்டிக்கோ."

"எவ்வளவு தரணும்?" என்று டேல் பர்ஸை எடுக்கப் போனான்.

"என்னைப் பார்க்காதே. அங்க திரும்பு. அம்மா ஏதோ கேக்கறாங்க."