தவளைக்குப் பிடித்த சோகம்

பாம்புக்குக் குஞ்சைப் பறிகொடுத்த மைனாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. குஞ்சு மடியில் கிடப்பதாக நினைத்துக்கொண்டு தாலாட்டுப் பாடியபடியே இருந்தது.

குளத்துத் தவளை உருகிப்போனது. “ஆகா, என்ன சோகம்! தினமும் இப்படியே பாடுங்க!”

“முடியலைங்க. வைத்தியம் பார்க்கப் போறேன்.”

“ஐயையோ! வலி போனா பாட்டும் போயிடுமே! மழைக்காலம் முடியட்டும்!”

மைனா நிற்கவில்லை. வைத்தியர் ஆந்தையிடம் போய் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டியது. ஆந்தை குறுக்கே பேசாமல் கேட்டது. இப்படிப் பல நாள் போய்வந்த பிறகு, ஒரு காலையில் மைனாவுக்குப் பசித்தது. அத்திப்பழம் தின்றுவிட்டு, காக்கையின் நடையைப் பற்றிக் குறும்பாக ஒரு பாட்டுக் கட்டியது. பாடும்போதே சிரித்தும்விட்டது.

தவளை முகத்தைச் சுளித்தது.

“எவ்வளவு நல்லாப் பாடிக்கிட்டிருந்துச்சு! பாவம், குணமாகிக் கெட்டுப்போச்சு.”