எந்தப் பலகை?

சித்தூர் பொருட்காட்சியின் மரணக் கிணற்றில் கன்னியம்மாவின் மோட்டார் சைக்கிள் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை துள்ளியது. அப்படியென்றால் கோளாறு வண்டியில் இல்லை. மரச்சுவரில் ஏதோ ஒரு பலகை தளர்ந்திருக்கிறது. மெக்கானிக் எத்திராஜ் அறுபது பலகைகளையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். எல்லாம் ஒரே சத்தம். இன்னும் அரை மணியில் ஆட்டம் தொடங்கிவிடும். முழு வேகத்தில் அந்தப் பலகை பெயர்ந்தால் அவள் பிழைக்க மாட்டாள்.

அன்று காலைதான் வேலையில் சேர்ந்த மேனேஜர் உமாபதி, சுவருக்கு வெளியே நின்ற கன்னியம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏமம்மா, பண்டி நடுபுதாவா?"

அவள் பலகைகளையே பார்த்திருந்தாள். அவர் தமிழுக்கு மாறினார்.

"வண்டி ஓட்டுவியா, வேற ஆளப் போடட்டுமா?"

அவள் திரும்பவே இல்லை.

"தெலுங்குக்கும் பதில் இல்ல, தமிழுக்கும் இல்ல. எல்லைத் தகராறு தீர்ந்து சித்தூர் ஆந்திராவா மதராஸான்னு முடிவானாதான் வாயத் தொறப்பாளா?"

"கொஞ்சம் இருங்க சார். தேடிக்கினு கீறா" என்ற எத்திராஜ், அவள் கைகாட்டியதும் கிணற்றின் அடிச்சரிவில் வண்டியை ஓட்டிச் சுற்றினான். கன்னியம்மா வெளியே பலகை பலகையாகத் தொட்டு நடந்து, ஒன்றில் நின்று சாக்கட்டியால் கோடு போட்டாள்.

உமாபதி அதிலும் பக்கத்துப் பலகைகளிலும் காதை வைத்துப் பார்த்தார். வண்டியை நிறுத்திவிட்டு வந்த எத்திராஜிடம், "எல்லாப் பலகையும் ஒரே மாதிரிதானே இரைஞ்சுது. இவளுக்கு மட்டும் எப்படிக் கேட்டுது?" என்றார்.

"கேக்கல சார். பொறந்ததுலேர்ந்தே அவளுக்குக் காது கேக்காது."

கோடு போட்ட பலகையின் பின்னால் ஒரு நட்டு கழன்றிருந்தது. இறுகிய பலகைகள் சேர்ந்து அதிரும். தளர்ந்தது தனியாக அதிரும். இரைச்சலில் காது அதைத் தவறவிடும், உள்ளங்கை தவறவிடாது. எத்திராஜ் நட்டை முறுக்கினான். ஆட்டத்தில் கன்னியம்மாவின் வண்டி துள்ளவில்லை.