ஒரு பக்கக் கூர்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். வாள்களின் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

சீனத்துப் போர்வீரன் ஒருவனிடமிருந்து பறித்த நீண்ட இரும்பு வாளை, புல்வெளி நாடோடி ஒருவன் தன் சேணத்தில் கட்டினான். அங்கே ஏற்கெனவே ஒரு வெண்கலக் குறுவாள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இரண்டு பக்கமும் கூர்," என்றாள் வந்தவள்.

"பெருமை பேசாதேடி," என்றாள் குறுவாள். "குதிரை மேலிருந்து வெட்டுகிறவனுக்கு ஒரு பக்கம் போதும். இரண்டு பக்கமும் தீட்டினால் உடம்பு மெலியும், ஓங்கி வெட்டினால் ஒடியும். ஒடிந்தவளை உருக்கிக் கடிவாளம் செய்துவிடுவான். என்னையே இறைச்சி நறுக்கத்தான் விட்டுவைத்திருக்கிறான்."

நீண்ட வாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாடோடிக் கூட்டத்துக் கொல்லன் அவளுடைய ஒரு பக்கத்துக் கூர்மையை அடித்துத் தடித்த முதுகாக்கியபோது அசையாமல் படுத்துக் கிடந்தாள்.

அடுத்த சண்டையில் ஒரு சீன வீரனின் கையில் எதிரே வந்தவள், அவளோடு ஒரே உலையில் பிறந்த தங்கை. இன்னும் இரண்டு பக்கமும் கூராகவே இருந்தாள். மோதிய வேகத்தில் ஒடிந்து புல்லில் விழுந்தாள்.

"அக்கா, நீயா? உன் முதுகுக்கு என்ன ஆச்சு?"

"யாரடி அது, உனக்குத் தெரிந்தவளா?" என்று கேட்டாள் குறுவாள்.

"இல்லை," என்று சொல்லிவிட்டு அவள் உறைக்குள் போய்விட்டாள்.